ஓடையில் கொட்டிய பேட்டரிக்கட்டை

கண்ணு,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் கடிதாசியை ஆரம்பிக்கணும். இந்தத் தடவை அதைக் கேக்க எனக்கு மனசு வரலை. நீ நல்லாத்தான் இருக்கே, நேத்து சாயந்தரம் போன்ல உன் குரல்லயே தெரிஞ்சுது. மாரண்டஹள்ளியில பொண்ணு வூட்டுக்காரங்க மண்டபம் பேசிட்டாங்க, நம்ம மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கிற மூணு கல்யாண ஓலையில ரெண்டாவதும் வாசிச்சாச்சு, இன்னும் ஒரு ஓலைதான் பாக்கின்னு சந்தோசமாப் பேசினே. அதோட விட்டிருக்கலாம். மண்டப வாசல்ல, சந்தனமும் கல்கண்டும் வைக்கிற மேசைக்குப் பக்கத்துல, பச்சைக் கலர்ல ஒரு பெட்டி வைக்கணும், வர்ற சனம் வூட்டுல கெடக்குற பழைய பேட்டரிக்கட்டையைக் கொண்டாந்து அதுல போடணும், போட்டவங்களுக்கு ஆளுக்கொரு மரக்கன்னு கொடுக்கணும்னு சொன்னே. ஃப்ளெக்ஸ்ல என் போட்டோவும் வரணும், 'எல்லாத்துக்கும் எங்க அம்மாதான் காரணம்'னு கீழ போடணும்னு சொன்னே. நான் ஒண்ணும் பேசலை. சிக்னல் போயிடுச்சுன்னு நெனச்சு நாலு தடவை ஹலோ சொல்லிட்டு வச்சுட்டே. சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. வாயைத் தொறந்தா என்ன வருமோன்னுதான் மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி நீ இருக்கே, ஒரு மாசமா நானும் அப்படியே இருந்துட்டேன். போன்ல ஆரம்பிச்சா பாதியிலயே 'அம்மா, மீட்டிங்'னு வச்சுடுவே. அதனாலதான் எழுதுறேன். இருபத்தஞ்சு வருசமா அங்கன்வாடியில பிள்ளைங்களுக்கு அ, ஆ எழுதிக் காட்டின கை, எழுத வரும். நாளைக்குக் காலையில கடத்தூர் போய் ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன், ரெண்டு நாள்ல ஓசூருக்கு வந்துடும். முழுசாப் படி.

மொதல்ல என் தப்பை எழுதிடறேன், அப்பத்தான் உன்னைக் கேக்க எனக்கு வாய் இருக்கும். நீ பொறந்தப்ப நமக்கு மண்தரை வூடு. உங்கப்பா கரண்டு வர்ற நேரம் பாத்து இருட்டுல தண்ணி பாய்ச்சப் போவாரு, டார்ச்சு லைட்டு இல்லாம முடியாது. தீந்துபோன கட்டையைக் கூரை மேல வெயில்ல காய வச்சு இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவோம். அதுக்கப்புறமும் தூக்கிப் போட மாட்டோம். கல்லால ஒடைச்சு, உள்ள இருக்கிற கருப்புப் பொடியை எடுத்து, சாணியில கரைச்சு தரையை மெழுகுவோம். வெறும் சாணியில மெழுகினா காஞ்சதும் வெளுத்துப்போயிடும். இந்தப் பொடி போட்டா கருகருன்னு சிமெண்டுத் தரையாட்டம் மின்னும். ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான் பண்ணினாங்க, அதுல நான்தான் கெட்டிக்காரின்னு பேரு. பண்டிகை வந்தா, எத்தனை கட்டைக்கு எவ்வளவு சாணின்னு என்கிட்டத்தான் வந்து கேட்டுட்டுப் போவாங்க. கிறிஸ்மஸுக்கு மெழுகின தரையில நீ எட்டு மாசத்துப் பிள்ளையா தவழ்ந்தே. முட்டி ரெண்டும் கருப்பு, உள்ளங்கை கருப்பு, அந்தக் கையை அப்படியே வாயில வச்சுச் சப்புவே. நான் பாத்துச் சிரிச்சேன். உங்கப்பாவைக் கூப்பிட்டு வேற காட்டினேன்.

அது விஷம்னு எனக்குச் சொன்னது நீதான். ஓசூர்ல வேலைக்குச் சேந்த புதுசுல, கம்பெனியில கிளாஸ் எடுத்தாங்கன்னு வந்து, கட்டைக்குள்ள என்னென்ன இருக்குது, மண்ணுல கெடந்தா அது எப்படி தண்ணியில எறங்கும்னு நிறுத்தி நிதானமாச் சொன்னே. தரை மெழுகின கதையை அன்னிக்கு உன்கிட்ட சொல்லி அழுதேன். நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'தெரியாமப் பண்ணினதும்மா, விடு'ன்னே. அந்த ஒரு வார்த்தைக்கே உன்னைப் பெத்தது வீண் போகலைன்னு நெனச்சேன். அப்புறம் அதே கதையை உங்க கம்பெனி மேடையில மைக்குப் புடிச்சுச் சொல்லிக் கைதட்டு வாங்கினதை வீடியோவுல பாத்தேன். முகம் என்னவோ போல ஆச்சு. சரி, நாலு பேருக்கு நல்லது தெரியட்டும்னு விட்டுட்டேன்.

'அங்கன்வாடியில ஒரு டப்பா வைம்மா, சேக்க வேண்டிய எடத்துல நான் கொண்டுபோய் சேக்கறேன்'னு நீ சொன்னே. பழைய பெயிண்டு வாளியைக் கழுவி, மூடியில ஓட்டை போட்டு வாசல்ல வச்சேன். கடிகாரத்துக் கட்டை, ரிமோட்டுக் கட்டை, பொம்மைக் காருக் கட்டைன்னு பிள்ளைங்க தெனமும் கொண்டாந்துச்சு. போட்ட பிள்ளைக்குக் கையில பேனாவுல ஒரு நட்சத்திரம் போட்டு விடுவேன். அதுக்கு ஆசைப்பட்டு ஒருத்தி ஓடிட்டு இருந்த கடிகாரத்துலருந்தே கட்டையைப் புடுங்கிட்டு வந்துட்டா. அவங்கம்மா செல்வி காலையில பஸ்ஸை விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து வாங்கு வாங்குன்னு வாங்கினா. வயசானவங்கதான் லேசுல கொடுக்க மாட்டாங்க, 'வெயில்ல வச்சா இன்னும் ரெண்டு நாள் பாடும் டீச்சர்'னு ரேடியோவைக் கட்டிப் புடிச்சுக்குவாங்க. நானும் விடாம வூடு வூடாப் போய், 'குப்பையில போடாதீங்க, அடுப்புல போடாதீங்க, என் பையன் எடுத்துட்டுப் போவான்'னு சொன்னேன். என் பையன், என் பையன்னு எத்தனை வாசல்ல சொல்லியிருப்பேன். இப்ப நெனச்சா வாய் கூசுது.

அந்த வாளியில சனம் என்னென்ன போட்டுச்சுன்னு உனக்குத் தெரியாது, போட்டோவுல அதெல்லாம் வராது. சவரம் பண்ணின பிளேடு, மென்னு துப்பின பாக்கு, சீப்புல சிக்கின முடி, ஒரு நாள் பிள்ளைக்கு அவுத்த பேம்பர்ஸ். அதையெல்லாம் குச்சியால தள்ளிட்டு, பால் கவரைக் கையில மாட்டிக்கிட்டு, கட்டையை ஒண்ணொண்ணா பொறுக்குவேன். வெடிச்ச கட்டையெல்லாம் வெள்ளையும் பச்சையுமா பூத்து, ஒழுகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல ஒரு நாத்தம் உண்டு, எத்தனை சோப்புப் போட்டாலும் சோத்துல கை வைக்கிறப்ப வந்துடும். ரெண்டு முனையும் உரசினா சூடாகும்னு நீ சொன்னதால ஒவ்வொண்ணுக்கும் முனையில டேப்பு ஒட்டினேன். பட்டன் கட்டையைப் பிள்ளைங்க முழுங்கிடக் கூடாதுன்னு தனியா ஒரு மருந்து டப்பாவுல போட்டு ஒசரத்துல வச்சேன். விரல் இடுக்குல அரிப்பு வந்து தோல் உரிஞ்சுது. 'உனக்கு எதுக்குடி இந்தக் கருமம்'னு உங்கப்பா திட்டினாரு. பிள்ளையைத் தவழ விட்ட தரைக்கு இது பாவப் பரிகாரம்னு அவர்கிட்ட சொன்னேன்.

சத்துமாவு வர்ற சாக்குல மூணு மூட்டை கட்டி, மேல மார்க்கர் பேனாவுல 'பழைய பேட்டரி, யாரும் தொட வேண்டாம், அங்கன்வாடி'ன்னு என் கையாலயே எழுதினேன். பொங்கலுக்கு வந்துட்டு நீ கெளம்புற அன்னிக்கு அதைக் காருல ஏத்தினே. ஏத்துறதுக்கு முன்னால பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு, நடுவுல மூட்டையை வச்சு, என்னைப் பக்கத்துல நிக்க வச்சு எத்தனை போட்டோ எடுத்தே. ரெண்டு வாரத்துல, பழைய பேட்டரி சேத்துக் கொடுத்ததுக்குன்னு உங்க கம்பெனி உன் பேரு போட்டுக் கொடுத்த சர்ட்டிபிகேட்டு என் போனுக்கு வந்துச்சு. அதைப் பிரிண்டு எடுத்து, அங்கன்வாடி சுவத்துல பிள்ளைங்களுக்கு எடை போடுற மெசினுக்கு மேல ஒட்டினேன். தடுப்பூசி போட வந்த நர்சம்மாவுக்குக்கூட கூப்பிட்டுக் காட்டினேன்.

போன மாசம் நூறு நாள் வேலையில பாலத்துக்குக் கீழ ஓடையைத் தூர் வாரினாங்க. மத்தியானம் நான் பிள்ளைங்களுக்கு முட்டை உரிச்சுட்டு இருந்தேன். செல்வி வந்து வாசல்ல நின்னா, அவளுக்குப் பின்னால மம்பட்டியோட நாலஞ்சு பொம்பளைங்க. அவ கையில சேறு ஒழுகுற சாக்குத் துண்டு. 'டீச்சர், இது உங்க எழுத்துதானுங்களே?'ன்னு கேட்டா. என் எழுத்துதான், தண்ணியில ஊறியும் அழியலை. 'மூணு மூட்டையும் பாலத்தடியிலதான் கெடக்குதுங்க. கிழிஞ்சு கட்டையெல்லாம் சேத்துக்குள்ள எறங்கிடுச்சு. நம்ம ஆடு மாடு அந்தத் தண்ணியத்தானுங்க குடிக்குது'ன்னா. கடிகாரத்துக்காக அன்னிக்கு என்னைக் கிழிச்சவ, இன்னிக்குக் கோவமாக்கூடப் பேசலை. இதுக்கு நான் ஏதோ சரியான பதில் வச்சிருப்பேன்னு நம்பித்தான் வந்து நின்னா.

எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'கார்ல எடம் பத்தலைன்னு என் பையன் எறக்கி வச்சுட்டுப் போயிட்டான். அப்புறமா மாதையன் வண்டியில ஏத்தி அனுப்பினேன். அவன்தான் தூக்கச் சோம்பல்பட்டு வழியில கொட்டிட்டான் போல'ன்னு சொன்னேன். கொஞ்சம்கூட தடுமாறலை. செல்வி சுவத்துல இருந்த சர்ட்டிபிகேட்டை ஒரு தடவை நிமிந்து பாத்துட்டு, 'அப்படிங்களா'ன்னு போயிட்டா. இத்தனை பேரு இருக்கிற ஊர்ல அந்த ஒரு பேரு ஏன் என் வாயில வந்துச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். மாதையன் பஞ்சாயத்துல குப்பை வண்டி தள்ளுறவரு. அவர் மேல என்ன சொன்னாலும் திருப்பிக் கேக்க ஆள் வராதுன்னு என் நாக்குக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு சொல்லுவாங்க. அதை நான் பிள்ளைங்க முன்னாலயே, கையில உரிச்ச முட்டையை வச்சுக்கிட்டே பண்ணினேன்.

அன்னிக்கே பஞ்சாயத்துக் கிளார்க்கு அவரைக் கூப்பிட்டு விட்டாரு. என்ன ஏதுன்னு விசாரிக்கலை, 'எறங்கி அள்ளுடா'ன்னாரு. உன்னைவிட இருபது வயசு மூத்த மனுசனை. பஞ்சாயத்துல கொடுத்த கையுறை கிழிஞ்சு எத்தனையோ நாளாச்சு. வெறுங்கையால ரெண்டு நாள் சேத்துல துழாவி, ஒவ்வொரு கட்டையா பொறுக்கி, ஆபீஸுக்குப் பின்னால இருக்கிற ட்ரம்முல போட்டாரு. மாசக்கணக்கா தண்ணியில கெடந்து வெடிச்ச கட்டை. உள்ள இருந்த பசை அவர் விரல் வெடிப்புல எறங்கி ரெண்டு கையும் புண்ணாப் போச்சு. போற வர்ற சனமெல்லாம் பாலத்து மேல நின்னு, 'ஒழுங்கா கொண்டுபோய் சேத்திருந்தா இந்தப் பாடு உண்டா'ன்னு புத்தி சொல்லிட்டுப் போச்சு. அவர் குனிஞ்ச தலை நிமிராம பொறுக்கிட்டே இருந்தாரு. மூணாம் நாள் நான் ஒரு சின்ன பாட்டில்ல தேங்காயெண்ணெய் எடுத்துட்டுப் போய், 'இதைத் தடவிக்கோ மாதையா'ன்னு கொடுத்தேன். 'சரிங்க டீச்சர்'னு வாங்கிக்கிட்டாரு. பொய்யும் சொல்லிட்டு, அந்தப் பொய்யால வந்த புண்ணுக்கு எண்ணெயும் கொடுத்துட்டு வந்தவ உன் அம்மா. சீ, இதை எழுதுறப்பவே என்னை எனக்குப் புடிக்கலை.

மூட்டை கெடைச்ச அன்னிக்கே சாயந்தரம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ இல்லைன்னுகூட சொல்லலை. 'வகை வகையாப் பிரிச்சுக் கொடுத்தாத்தான் எடுப்பாங்கன்னு கெளம்புறப்பதாம்மா மெசேஜ் வந்துச்சு. அதுக்குள்ள காரு நாறிப்போச்சு. சர்ட்டிபிகேட்டுக்குப் போட்டோ இருந்தாப் போதும்னாங்க'ன்னே. 'ஊரே அங்கதான் குப்பையைக் கொட்டுது, நான் போட்டதுதான் உனக்குத் தெரியுதா'ன்னே. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க. தரை மெழுகினப்ப எனக்குத் தெரியாது. நீ தெரிஞ்சு பண்ணினே, அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே பாடம் எடுத்தவன் நீ. மாதையன் பேரைச் சொல்லிட்டேன்டான்னு நான் அழுதப்ப நீ சொன்னது இன்னும் காதுல நிக்குது. 'அவன் பேரையா சொன்னே? நல்லதாப் போச்சு, அதோட விட்டுடும்மா, கல்யாண நேரம்'னே. நானும் விட்டுட்டேன்.

நேத்து பூசையில சாமியார் ரெண்டாவது ஓலை வாசிச்சாரு. உன் பேரு, என் பேரு, உங்கப்பா பேரு, பொண்ணு பேரு, ஊர் எல்லாம் வாசிச்சுட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னாரு. அது எந்தத் தடைன்னு எனக்குத் தெரியும். முன்னாடியே ஒருத்தியைக் கட்டியிருக்கணும், இல்லைன்னா முறை தப்பியிருக்கணும். ஓடையில கொட்டினதெல்லாம் அந்தக் கணக்குல வராது. ஆனா 'தெரிஞ்சவங்க'ன்னு அவர் சொன்னது என்னைத்தான்னு பட்டுச்சு. சாமியார் கையால நன்மை அப்பம் வாங்க நான் எழுந்திருக்கலை. உங்கப்பா திரும்பித் திரும்பிப் பாத்தாரு. பூசை முடிஞ்சு வெளிய வந்தா, கோயில் தெருவுல மாதையன் கூட்டிட்டு இருந்தாரு. இன்னும் ரெண்டு விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. நேரா போய் அவர் முன்னால நின்னு, 'அதைக் கொட்டினது என் பையன், உன் மேல பொய் சொன்னது நான்'னு சொல்லிட்டேன்.

தொடப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு, 'தெரியுமுங்க டீச்சர்'னாரு. 'தம்பி பாலத்து மேல காரை நிறுத்திக் கொட்டுறப்ப நான் வண்டியோட எதுக்க வந்தேனுங்க. இங்க போடாதீங்க தம்பி, என் வண்டியில வைங்க, குப்பை பிரிக்கிற செட்டுல பத்திரமா வைக்கிறேன்னு சொன்னேனுங்க. தம்பிக்கு அவசரம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்கன்னாரு. சரின்னுட்டேனுங்க'ன்னு சொன்னாரு. 'அப்ப நான் உன் பேரைச் சொன்னப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமில்ல'ன்னு கேட்டேன். 'சரின்னு சொல்லிட்டனேங்க. கல்யாண வூடு வேற'ன்னுட்டு, தொடப்பத்தை எடுத்துக்கிட்டு மிச்சத் தெருவைக் கூட்டப் போயிட்டாரு.

இதைக் கேட்டுட்டு வந்த அன்னிக்குச் சாயந்தரம்தான் நீ போன்ல பச்சைப் பெட்டி வைக்கணும்னு சொன்னே. அவர் உன்னைப் பாத்தாருன்னு உனக்குத் தெரியும். தடுத்தாரு, எடுத்துட்டுப் போறேன்னுகூட சொன்னாரு. அவர் சொல்ல மாட்டாருங்கற தைரியத்துலதான் நல்லதாப் போச்சுன்னு உன்னால சொல்ல முடிஞ்சுது. நான் ஊரை ஏமாத்தினேன், நீ என்னை ஏமாத்தினே. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல, சொன்ன வார்த்தைக்காகக் கையைப் புண்ணாக்கிக்கிட்டவர் அவர் ஒருத்தர்தான். அவர் கூட்டுற தெருவுல நான் செருப்புப் போட்டு நடக்கறேன்.

கல்யாணத்துக்கு முன்னால பெத்தவங்க புத்தி சொல்றது வழக்கம். பொண்டாட்டியைக் கண் கலங்காம வச்சுக்கோ, மாமனார் மாமியாரை மதிச்சு நடன்னு நீட்டி முழக்க எனக்கு இப்ப யோக்கியதை இல்லை. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ கொட்டினதை அள்ள இன்னொருத்தரை எறக்கி விடாதே. இன்னிக்கு மாதையன் எறங்கினாரு. நாளைக்கு உன் வூட்டுல அந்த எடத்துல நிக்கப் போறது மாரண்டஹள்ளிப் பொண்ணுதான். அவளும் 'சரி'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிற ரகமா இருந்தா, உனக்கு ஆயுசுக்கும் உறைக்காமலே போயிடும். எனக்கு அந்தப் பயம்தான் பெருசா இருக்குது, ஊர் என்ன சொல்லும்ங்கறது அதுக்கப்புறம்தான்.

மண்டபத்துல பெட்டி வேண்டாம், ஃப்ளெக்ஸ் வேண்டாம். சர்ட்டிபிகேட்டை இன்னிக்குக் காலையில கிழிச்சுட்டேன், சுவத்துக் காரையும் கொஞ்சம் பேந்துட்டு வந்துச்சு. பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். மாதையன் இதைச் செய்யலை, அவர் மேல நான் பொய் சொன்னேன்னு எழுதி என் கையெழுத்தும் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு, செல்வியையும் கூட வேலை செஞ்ச பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு, மாதையன் முன்னாலயே அதைக் கிளார்க்குகிட்ட வாசிக்கப் போறேன். உங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன், அவர் நேத்துலருந்து சரியாச் சாப்பிடலை, ஆனா வேண்டாம்னு சொல்லலை. லீவு போட்டுட்டு வா. அவர் முகத்தைப் பாத்துப் பேசு. அந்த ட்ரம்மை நீயே தூக்கி உன் காருல வை, வகை வகையாப் பிரிச்சுக் கொடுத்துட்டு வா, காரு நாறினா நாறட்டும். ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள பொண்ணு வூட்டுக்கும் நீயே சொல்லிடு, அவங்க வேற வாயால கேக்க வேண்டாம்.

மனுவுல 'ஓடையில் கொட்டியவர்'னு எழுதி, அதுக்கு நேரா எடம் விட்டிருக்கேன். நீ வந்தா உன் கையால உன் பேரை எழுதலாம். பத்து மணி வரைக்கும் பாப்பேன். வரலைன்னா நான் எழுதுவேன். அந்தப் பேரை உனக்கு வச்சவளே நான்தான்.

கோவம் ஆறாத
உன் அம்மா